காட்டோரம் ஒரு ராத்திரி... எங்கே தங்கலாம்?

தீபாவளிக்கு நாடெல்லாம் வெடி வெடிக்கும். அதைச் செய்து அனுப்பிய சிவகாசிப் பக்கத்துக்கு அதற்கப்புறம்தான் ஓய்வு. பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கும். மறுபடி பூஜை போட்டுத் திறக்கும்வரை வீட்டில் எல்லோரும் இருப்பார்கள், கையில் போனஸ் பணம் கொஞ்சம் இருக்கும். அந்தச் சமயத்தில்தான் என் வைத்தியசாலைக்கு வருகிறவர்கள், மருந்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும்போது மெல்ல இன்னொரு கேள்வியையும் போடுவார்கள்.

"ஐயா, மலையடிவாரத்துல தண்ணி ஓரமா டெண்ட் போட்டு ஒரு ராத்திரி தங்கலாம்னு பிள்ளைங்க ஆசைப்படுது. எந்த இடம் நல்லா இருக்கும்?"

வைத்தியரிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிரிக்காதீர்கள். சரியான ஆளிடம்தான் கேட்கிறார்கள். ஒருவர் எந்த மண்ணில் படுக்கிறார், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார் என்று விசாரிக்காமல் நாடி மட்டும் பார்த்தால் எங்கள் முறையில் அது பாதி வைத்தியம்தான். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்தபோது மூலிகைகளின் குணத்தோடு ஐந்து நிலங்களின் குணத்தையும் சேர்த்துத்தான் படித்தோம். 'பதார்த்த குண சிந்தாமணி' என்ற நூல் மருத நிலத்தை நோய் தீர்க்கும் நிலம் என்று புகழ்கிறது. அதே நூல் குறிஞ்சிக்கு என்ன சொல்கிறது தெரியுமா? ரத்தத்தை உறிஞ்சும் சுரமும், வயிற்றில் வல்லைக்கட்டியும் வரும் நிலம் என்கிறது! மலேரியாக் காய்ச்சலில் ரத்தம் குறைந்து, மண்ணீரல் வீங்கி வந்து நிற்கும் நோயாளியைப் பார்த்திருக்கிற எந்த டாக்டருக்கும் இந்த வருணனை சட்டென்று புரியும்.

ஆக, நம் பெரியவர்கள் மலையைக் கும்பிட்டார்கள், மலைக்கு நடந்தார்கள். படுக்கையை மட்டும் வயலும் குளமும் உள்ள ஊரில் விரித்தார்கள். நான் சொல்லப்போவதும் அதுதான். பகல் முழுக்கக் காட்டோரம் இருங்கள், யார் வேண்டாம் என்றது? ராத்திரிக்கு மட்டும் கூரையும் கதவும் உள்ள இடத்துக்கு இறங்கி வந்துவிடுங்கள்.

"இதுக்கா உங்களைக் கேட்டோம்?" என்று முகம் சுளிக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் காலத்தைப் பாருங்கள். நமக்கு ஓய்வு கிடைப்பது ஐப்பசி, கார்த்திகையில். இந்த மாவட்டத்துக்கு மழை கிடைப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். ஓடையில் தண்ணீர் பார்க்கப் போகிறோம் என்றால் தண்ணீர் இருக்கிற மாதம்தானே நல்லது என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. மேற்குத் தொடர்ச்சி மலை நம் பக்கம் செங்குத்தாக இறங்குகிறது. உச்சியில் ஒரு மணி நேரம் கொட்டிய மழை வழியில் எங்கும் தங்காமல் ஓடையில் விழுந்து கீழே பாய்கிறது. அடிவாரத்தில் ஒரு சொட்டு விழுந்திருக்காது. வெயில்கூட அடிக்கும்! பாறைமேல் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது.

சதுரகிரியில் 2015 மே மாதம் அமாவாசைக்குப் போன பக்தர்கள் இப்படிப்பட்ட திடீர் வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்தார்கள். பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின்மேல் வெள்ளம் இறங்கி 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. இரண்டுமே மே மாதம், அதாவது கோடை மழை. மழைக்காலத்தில்தான் வெள்ளம் வரும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஓடையில் இறங்கியிருக்கும்போது நான்கு விஷயங்களில் கண்ணும் காதும் இருக்கட்டும். தெளிந்த தண்ணீர் கலங்கலாக மாறுகிறதா? சருகும் சுள்ளியும் திடீரென்று மிதந்து வருகிறதா? மலைப்பக்கம் கருத்திருக்கிறதா? தண்ணீரின் சத்தம் கனமாகிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் செருப்பைத் தேடாதீர்கள், பாத்திரத்தை எடுக்காதீர்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேடேறுங்கள். அக்கரைக்குப் போக நினைக்காதீர்கள், நிற்கிற கரையிலேயே ஏறுங்கள். பகலில் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ராத்திரி கூடாரத்துக்குள் தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் ஓடைக்கரை மணலில் கூடாரம் என்றால் நான் ஒரே வார்த்தையில் "கூடாது" என்கிறேன். அந்த மணலே பழைய வெள்ளம் கொண்டுவந்து போட்டதுதானே!

அப்படியானால் எப்போது போவது? என் கணக்கில் தை மாதம். பொங்கல் கழிந்த பிறகு கூட்டம் குறைந்திருக்கும், மழை ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீர் மிச்சம் இருக்கும். பிப்ரவரி பாதிக்குமேல் புல் காய்ந்து தீக்காலம் தொடங்கிவிடும். வனத்துறையும் வழக்கமாக அந்தச் சமயத்தில் மலையேற்றத்தை நிறுத்தி வைப்பார்கள். ஆலை வேலையில் இருப்பவர்களுக்குத் தையில் நாலைந்து நாள் சேர்ந்து லீவு கிடைக்காது, தெரியும். ஒரு பகல், ஒரு ராத்திரி போதுமே!

இடங்களுக்கு வருவோம்.

சிவகாசியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து மேற்கே எட்டு கிலோமீட்டர் போனால் செண்பகத்தோப்பு. சாம்பல் நிற மலை அணில்களுக்காக 1988-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு இது. பூனை அளவுக்கு இருக்கும் அந்த அணில், மரத்துக்கு மரம் தாவுவதைப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்துவிட்டால் வீட்டுக்கு வந்தும் அதையே பேசிக்கொண்டிருக்கும். 2021 பிப்ரவரியில் இந்தக் காடும் மேகமலையும் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. தமிழ்நாட்டில் ஐந்தாவது புலிகள் காப்பகம். இதற்கு அர்த்தம் என்ன? உள்ளே நுழைய வனத்துறை அனுமதி வேண்டும், அவர்கள் சொல்லும் நேரத்துக்கு வெளியே வந்துவிட வேண்டும், நாமாகக் கூடாரம் அடிக்கும் பேச்சே கிடையாது. "நமக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார், ராத்திரி உள்ளே விட்டுருவார்" என்று யாராவது சொன்னால் நம்பிப் போகாதீர்கள். முறையாக மலையேற ஆசையிருந்தால், 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 வழித்தடங்களோடு ஒரு மலையேற்றத் திட்டம் தொடங்கியிருக்கிறது. முன்பதிவு செய்தால் வழிகாட்டியும் கூட வருவார்.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு அய்யனார் கோவிலும் அருவியும். நிழலுக்குக் குறைவில்லை. போகும் வழியில் இருக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் ஊருக்குக் குடிநீர் தருவது. அங்கே சோப்புப் போட்டுக் குளிப்பதும் எச்சில் இலையை வீசுவதும் ஊரார் குடத்தில் போடுவதற்குச் சமம். வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகள் இருக்கின்றன. வயதானவர்களையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது பிளவக்கல்தான். கார் போகும், உட்கார மேடான இடம் உண்டு, மலையும் தண்ணீரும் ஒரே பார்வையில் தெரியும். அணைக்குள் இறங்கிக் குளிக்க மட்டும் வேண்டாம். மேலே தெளிவாக இருக்கும், கீழே சேறும் பள்ளமும் எத்தனை ஆழம் என்று தெரியாது.

விருதுநகரில் இருப்பவர்கள் "பக்கத்திலேயே குல்லூர்சந்தை இருக்கே" என்பார்கள். பறவை பார்க்கப் போங்கள், தாராளமாக. ஆனால் அதற்கு வரும் கௌசிகா ஆறு விருதுநகரின் சாக்கடையையும் சுமந்துகொண்டுதான் வருகிறது. கால்கூட நனைக்க வேண்டாம். கண்மாய்க் கரைகளைப் பொறுத்தவரை, சீமைக்கருவேல முள் இல்லாத கரையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் எங்கே போனாலும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் ஏறிய முள் வலிக்காது, சீழ் வைத்த பிறகுதான் தெரியும்.

சரி, காட்டுக்குள் வேண்டாம், அடிவாரத்தில் சொந்தக்காரர் தோப்பு இருக்கிறது, அங்கே கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுக்கலாமா? போன வருஷம் ஒரு அம்மா கேட்டார். "மாமா தோப்புதான் டாக்டர், காவல்காரர் இருக்கார், ஒண்ணும் பயமில்லே." காவல்காரர் எதற்காக இருக்கிறார் என்று நான் திருப்பிக் கேட்டேன். யானை விரட்டத்தான்! வத்திராயிருப்பு, ராஜபாளையம், சேத்தூர் அடிவாரத் தென்னந்தோப்புகளுக்கும் மாந்தோப்புகளுக்கும் யானை வருவது புதிதல்ல. வயநாட்டில் மேப்பாடிப் பக்கம் 2021 ஜனவரியில், காசு கொடுத்துக் கூடாரத்தில் தங்கிய ஓர் இளம் ஆசிரியை ராத்திரி யானை தாக்கி இறந்துபோனார். நடத்துகிறவர்கள் இருக்கிற இடத்திலேயே அந்தக் கதி. தோப்பில் பகலெல்லாம் சமைத்துச் சாப்பிடுங்கள். படுப்பதற்குத் தோப்பு வீடு காரை வீடாக இருந்தால் உள்ளே படுங்கள், இல்லாவிட்டால் ஊருக்குள் வந்துவிடுங்கள்.

யானையைவிட நான் அதிகம் பயப்படுவது சின்ன உயிர்களுக்கு.

கட்டுவிரியன் என்று ஒரு பாம்பு. பகலில் கண்ணில் படாது. ராத்திரி இரை தேடி வரும்போது தரையில் படுத்திருப்பவரைக் கடித்துவிட்டுப் போகும். எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. வீக்கம் கிடையாது, பல் தடம் தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்பார்கள். அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்போம். கண் இமை தொங்க ஆரம்பித்து, பேச்சுக் குழறி, மூச்சு திணறும்போதுதான் புரியும். தரையில் படுத்து எழுந்தவருக்கு விடிகாலையில் இப்படி வந்தால், பாம்பைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தோப்பு வீடானாலும் கட்டிலில் படுங்கள். கொசு வலையைக் கட்டி அதன் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். கொசுவும் வராது, பாம்பும் வராது. வாசலுக்குப் போவதானாலும் டார்ச் இல்லாமல் காலை எடுத்து வைக்காதீர்கள்.

இங்கே ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன், சித்த வைத்தியனாகவே சொல்கிறேன். சிறியாநங்கை இலையைத் தின்றால் பாம்பு விஷம் ஏறாது என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. தோப்பில் நட்டு வைத்தால் பாம்பே வராது என்றும் சொல்வார்கள். சிறியாநங்கை என் மருந்துப் பெட்டியிலும் இருக்கிறது. அதன் கசப்பின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இவற்றின் கடிக்கு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் ஏற்றும் விஷமுறிவு ஊசி ஒன்றுதான். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள். கை காலை அசைக்காமல் ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏற்றுங்கள். என்னைப் போன்றவரைத் தேடி வந்து அரை மணி நேரத்தைத் தொலைக்காதீர்கள். வந்தால் நானும் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன்.

அடுத்தது உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ் என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்திருப்பீர்கள். அடர்ந்த காட்டைவிட, புல்லும் புதரும் சந்திக்கிற ஓரங்களில்தான் இதைப் பரப்பும் பூச்சி அதிகம். நாம் ஜமுக்காளம் விரிக்கத் தேடுகிற இடமும் அதுதானே! கண்ணுக்குத் தெரியாத அந்தக் குஞ்சுப் பூச்சி அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்புக்கு அடி என்று மறைவான இடமாகப் பார்த்துக் கடிக்கும். அங்கே சிகரெட்டால் சுட்ட மாதிரி கருப்பாக ஒரு பொருக்கு உண்டாகும், வலிக்காது. எல்லோருக்கும் இது தெரியவும் தெரியாது. பத்து நாள் போல கழித்துக் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையிலேயே அடங்கிவிடும். "நிலவேம்புக் குடிநீர் குடிச்சுப் பார்ப்போம்" என்று ஒரு வாரத்தைக் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய்விடும். நிலவேம்புக் குடிநீர் குடியுங்கள், தப்பில்லை. பரிசோதனையை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

புல்லில் நேராக உட்காராமல் தார்ப்பாய் விரியுங்கள். ஈரத் துணியைப் புதர்மேல் காயப் போடாதீர்கள். முழுக்கால் சட்டை, முழுக்கை சட்டை போடுங்கள். 'காட்டுக்குப் போகிறோம், அரைக்கால் சட்டை போதும்' என்று பிள்ளைகளைக் கிளப்புவது நேர்மாறான யோசனை.

தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து ஆறியது. போதாமல் ஓடைத் தண்ணீரை எடுக்க நேர்ந்தால் தேற்றான்கொட்டையைப் பாத்திரத்தின் உள்பக்கம் உரசிவிட்டால் கலங்கல் அடியில் தங்கும். பழைய வழி, நல்ல வழி. ஆனால் தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தமான தண்ணீர் இல்லை. கிருமி போக அதற்கப்புறம் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். தேங்கிய வெதுவெதுப்பான குட்டைகளில் மூழ்கிக் குளிக்க வேண்டாம். மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்கும் அமீபாவால் கேரளத்தில் 2024-லும் 2025-லும் குழந்தைகள் உட்படப் பலர் இறந்திருக்கிறார்கள்.

தீயைப் பற்றிச் சிவகாசிக்காரர்களுக்கு நான் சொல்லித்தரவா வேண்டும்? வேண்டியிருக்கிறதே! ஆலைக்குள் ஒரு பொறி பறக்கக் கூடாது என்று வருஷம் முழுக்கப் பார்த்துப் பார்த்து வேலை செய்கிறவர்கள், உல்லாசப் பயணத்துக்கு வந்தால் மிச்சமிருக்கும் வெடியைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பிடித்த தீ, மலையேறி இறங்கியவர்களைச் சுற்றி வளைத்து 23 பேரைக் கொன்றது. காற்றடித்தால் புல்லில் தீ மேட்டை நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். காட்டோரம் வெடியும் வேண்டாம், தீ மூட்டிக் குளிர்காய்வதும் வேண்டாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் பயந்துபோகும் என்று தீபாவளிக்கே வெடிப்பதில்லை. வெடி செய்கிற நாம் ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாதா?

அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்குவது இன்னொரு கெட்ட பழக்கம். கொடைக்கானலில் 2024-ல் அப்படித் தூங்கிய இரண்டு இளைஞர்கள் எழுந்திருக்கவே இல்லை. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. நொச்சி, வேப்பிலைப் புகை போடுவதானாலும் வெளியில், படுக்கப் போவதற்கு முன்பே போட்டு அணைத்துவிடுங்கள். ஆஸ்துமாக்காரர் இருந்தால் அதுவும் வேண்டாம். சமைக்கும்போது சுட்டுக்கொண்டால் இருபது நிமிஷம் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். இட்லி மாவு, பேனா மை, பற்பசை எதுவும் பூசாதீர்கள்.

இடத்தை முடிவு செய்யும்போது அறை வாடகை கேட்பதற்கு முன்னால் இரண்டைக் கேளுங்கள். அங்கே செல்போன் பேச முடிகிறதா? ஆஸ்பத்திரி எத்தனை நிமிஷம்? செண்பகத்தோப்பு என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர், அய்யனார் கோவில் என்றால் ராஜபாளையம், பிளவக்கல் என்றால் வத்திராயிருப்பு, மூன்று ஊரிலும் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சைக்கு 2022 ஜனவரி முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. போன் எடுக்காத பள்ளத்தாக்கில் 108-ஐ எப்படிக் கூப்பிடுவீர்கள்? அதனால் சொந்த வண்டி கையோடு நிற்கும் இடமாகப் பாருங்கள். ஓட்டத் தெரிந்தவர் ராத்திரி 'தெளிவாக' இருக்கட்டும். புரிகிறதல்லவா?

சாப்பாட்டுக்குப் புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஒரு பிளாஸ்க் சுக்குமல்லிக் காப்பி. தயிர்சாதம் மதியத்தோடு சரி. ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை இரண்டு நாளைக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலினைக் கார் டேஷ்போர்டில் வெயிலில் வைக்காதீர்கள்.

திரும்பி வந்த அன்றே வெந்நீரில் சோப்புத் தேய்த்துக் குளியுங்கள். போட்டிருந்த துணியைக் கூடையில் குவிக்காமல் அப்போதே சுடு தண்ணீரில் ஊறப் போடுங்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மூன்று வாரத்துக்குள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து, எந்த டாக்டரிடம் போனாலும், அவர் கேட்கும்வரை காத்திராமல் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "டாக்டர், காட்டுப் பக்கம் போயிட்டு வந்தோம்."